எங்கள் அண்டை வீட்டார் எதற்காகப் பிடிக்கப்பட்டார்கள்?

(ஜும்ஆ உரை – வாடிப்பட்டி)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடக்கும் நல்லோர் அனைவர் மீதும் நிலவட்டுமாக! ஆமீன்.

 

மதீனாவின் பள்ளிவாசலில் நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்திக் கொண்டிருக்கிறார்கள். சபையிலிருந்து ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எந்தக் காரணத்துக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறார். நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்லவில்லை. அவர் மீண்டும் கேட்கிறார். அப்போதும் மௌனம். அவர் விடவில்லை, மறுபடியும் முறையிடுகிறார். அப்போது நபியவர்கள், அவருடைய அண்டை வீட்டாரை விடுவித்து விடும்படி கட்டளையிடுகிறார்கள். (நூல்: அபூதாவூத்)

முதலில் மௌனம் காத்தது ஏன்? பிடித்து வைத்த பொறுப்பாளர் சபையில் இருந்தால் எழுந்து காரணத்தைச் சொல்லட்டும் என்று வாய்ப்பளித்தார்கள் என அறிஞர்கள் சிலர் விளக்குகின்றனர். காரணம் சொல்லப்படவில்லை, ஆகவே காவலும் நீடிக்கவில்லை.

குற்றச்சாட்டு ஒன்றை விசாரிப்பதற்காக ஒருவரைக் குறுகிய காலம் காவலில் வைப்பதை மார்க்கம் மறுக்கவில்லை. அப்படி ஒருவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்து வைத்துப் பின்னர் விடுவித்ததாகத் திர்மிதியில் அறிவிப்பு உள்ளது. ஆனால் காரணம் கூறாத காவலுக்கும், முடிவில்லாத காவலுக்கும், காவலில் உள்ளவரை அடித்துத் துன்புறுத்துவதற்கும் இஸ்லாத்தில் இடமில்லை. குத்பாவின் நடுவே எழுந்து கேட்கும் அளவுக்கு இது முக்கியமான கேள்வி என்பதை அந்தத் தோழரின் செயல் நமக்குக் கற்றுத் தருகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாத ஒரு காலம் நம் நாட்டில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

நாடே சிறையான 21 மாதங்கள்

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நாடு முழுவதும் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அந்த மாதம் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எதிர்க்கட்சிகள் அவர் பதவி விலக வேண்டும் என்று அறவழியில் போராடிக் கொண்டிருந்தன. அந்த எதிர்ப்புக் குரலுக்குக் கிடைத்த பதில்தான் நெருக்கடி நிலை. ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்ட தலைவர்கள் விடிவதற்குள் கைது செய்யப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டன. 1977 மார்ச் 21 வரை, ஏறத்தாழ 21 மாதங்கள் இந்த நிலை நீடித்தது.

கைதுகளுக்குக் கருவியாக இருந்தது 'மிசா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட 1971ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம். நெருக்கடி நிலையின்போது இச்சட்டம் திருத்தப்பட்டு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை என்றாக்கப்பட்டது. பிறகு அமைக்கப்பட்ட ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசாவில் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் பிடிக்கப்பட்டனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள்! ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் அப்போது தடை செய்யப்பட்டு, அதன் ஊழியர்கள் பலர் சிறை சென்றனர்.

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பகுதிகளில் அறுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர்களிடம் 'மிசா' என்று சொல்லிப் பாருங்கள். அது ஒரு சட்டத்தின் பெயர் என்பதையே பலர் மறந்திருப்பார்கள்; ஓர் அச்சத்தின் பெயராக மட்டும் அது நினைவில் தங்கியிருக்கும்.

சென்னை மத்திய சிறையில் ஓர் இரவு

தமிழ்நாட்டில் அப்போது ஆட்சியிலிருந்த தி.மு.க., நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 ஜனவரி 31ஆம் நாள் அந்த அரசு கலைக்கப்பட்டது. உடனே கைதுகள் தொடங்கின. தி.மு.க.வினர், திராவிடர் கழகத்தினர், மற்ற எதிர்க்கட்சியினர் எனப் பலர் சிறைகளில் அடைக்கப்பட்டனர். அவர்கள் எவரையும் கொன்றவர்கள் அல்லர். எதையும் கொள்ளையடித்தவர்களும் அல்லர். மேடையில் பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள், அவ்வளவுதான்.

சென்னை மத்திய சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் ஒன்பதாம் எண் தொகுதியில் அடைக்கப்பட்டனர். அது அதற்கு முன்பு தொழுநோயாளிகளான கைதிகளை வைத்திருந்த இடம். 1976 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, சிறைக் காவலர்களும் அவர்கள் ஏவிய தண்டனைக் கைதிகளும் அங்கு நுழைந்து, அரசியல் கைதிகளைத் தடிகளால் அடித்து நொறுக்கினர். அடிபட்டவர்களில் திராவிடர் கழகத்தின் கி. வீரமணி, தி.மு.க.வின் ஆற்காடு வீராசாமி, மு.க. ஸ்டாலின் ஆகியோரும் இருந்தனர். திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த இளைஞராக அன்று சிறை புகுந்த ஸ்டாலின், 2021இல் மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

சென்னையின் முன்னாள் மேயரும் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபுவும் அந்தத் தொகுதியில் இருந்தார். தம் மீது விழ இருந்த அடிகளைச் சிட்டிபாபு தம் உடலில் தாங்கிக் கொண்டார் என்று ஸ்டாலின் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். உடல்நலம் குன்றிய சிட்டிபாபு 1977 ஜனவரியில் மரணமடைந்தார். தேர்தல் அறிவிக்கப்பட்டதும், நெருக்கடி நிலை நீக்கப்பட்டதும் அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் சென்று கொண்டிருந்தபோது, வரி செலுத்தாத உழவர்கள் சிலர் சுட்டெரிக்கும் வெயிலில் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அவர்களுடைய தலைகளில் எண்ணெயும் ஊற்றப்பட்டிருந்தது. ஹிஷாம் அவர்கள் வழிப்போக்கராகக் கடந்து போய்விடவில்லை. இவ்வுலகில் மக்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். ஆளுநரிடமே சென்று இதை எடுத்துரைத்தார்கள். அந்த உழவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

அந்த உழவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் வரி கட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் வதைப்பதற்கு அது அனுமதியாகவில்லை. சென்னைச் சிறையில் அடிபட்டவர்களிலும் இறைவனே இல்லை என்று சொல்பவர்கள் இருந்தனர். அவர்கள் மீது விழுந்த அடியும் அநீதியே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை அல்லவா? (அல்குர்ஆன் 5:8)

தாயின் பரிவா, தடியின் அடியா?

காரணம் சொல்லாமல் பிடிக்கப்பட்ட ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனுவுக்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர். மதீனாவில் அந்தத் தோழர் எழுப்பிய கேள்வியைத்தான் இம்மனு சட்ட மொழியில் எழுப்புகிறது. நெருக்கடி நிலையின்போது ஒன்பது உயர்நீதிமன்றங்கள் இந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று கூறின. அரசு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது.

அங்கே நீதிபதிகள் கேட்ட கேள்விக்கு அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்ன பதில் திடுக்கிடச் செய்வது. காவலர் ஒருவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றாலும்கூட நெருக்கடி நிலை நீடிக்கும் வரை நீதிமன்றத்தில் பரிகாரம் தேட முடியாது என்பதை அவர் ஒப்புக் கொண்டார். 1976 ஏப்ரல் 28ஆம் நாள் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். அந்த நால்வரில் ஒருவர் நீதிபதி மிர்ஸா ஹமீதுல்லா பேக். காவலில் உள்ளவர்கள் நல்ல இருப்பிடமும் நல்ல உணவும் பெற்று, ஏறத்தாழத் தாய்க்குரிய பரிவோடு நடத்தப்படுகிறார்கள் என்ற கருத்தை அவர் தம் தீர்ப்பில் எழுதினார்.

நாட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னைச் சிறையில் தடிகள் ஓங்கப்பட்ட அந்த இரவுக்கும் இந்த வாசகங்களுக்கும் இடையே மூன்று மாதம்கூட நிறைவடைந்திருக்கவில்லை!

நீதிபதி ஹெச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் உடன்படவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க அரசுக்கு உரிமை கிடையாது என்று அவர் தனித்து நின்று எழுதினார். அதற்கான விலையையும் கொடுத்தார். 1977 ஜனவரியில், மூப்பு வரிசையில் முன்னால் இருந்த அவரைத் தாண்டி, நீதிபதி பேக் தலைமை நீதிபதியாக ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

நாகூரில் பிறந்த நீதிபதி

ஆட்சி மாறியது. சென்னை மத்திய சிறையில் நடந்தவற்றை விசாரிக்க 1977இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எம்.எம். இஸ்மாயில்.

1921இல் நாகூரில் பிறந்த இவர், தமிழறிஞராகவும் கம்பராமாயண ஆய்வாளராகவும் புகழ்பெற்றவர். சிறைச் சுவர்களுக்குள் நள்ளிரவில் நடந்ததை யார் அறிவார் என்று துணிந்தவர்கள், இப்போது சாட்சிக் கூண்டில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கைதிகள் பேசினர்; அதிகாரிகளும் பேசினர். அனைத்தையும் கேட்டு ஆராய்ந்த ஆணையம், கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையே என்று முடிவு செய்தது. இன்று நாம் அந்த இரவைப் பற்றி உறுதியாகப் பேச முடிவதற்கு அந்த அறிக்கையே பெரிதும் காரணம்.

பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த இஸ்மாயில், 1981இல் தம்மைக் கேரளத்துக்கு மாற்றிய ஆணையை ஏற்காமல் பதவியைத் துறந்தார். 2005இல் வஃபாத்தானார். அந்தச் சிறைக் கட்டடமும் 2009இல் இடிக்கப்பட்டுவிட்டது. சுவர்கள் போய்விட்டன, சாட்சியம் நிலைத்திருக்கிறது.

யூசுஃப் நபி கேட்ட விசாரணை

விசாரணை ஆணையம் என்பது இந்தக் காலத்து ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சற்று நிதானமாக ஓதிப் பாருங்கள்.

யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பதற்கான சான்றுகளைக் கண்ட பின்னரும், அவரைச் சில காலம் சிறையில் வைப்பதே தங்களுக்கு நல்லது என்று அதிகாரத்தில் இருந்தோர் முடிவு செய்தார்கள். (12:35) குற்றத்துக்காக அவர்கள் சிறை வைக்கப்படவில்லை. ஆள்பவர்களின் வசதிக்காகச் சிறை வைக்கப்பட்டார்கள். பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். (12:42) பிறகு ஒருநாள் அரசனின் தூதர் வந்து அழைக்கிறார். கதவு திறந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள். யூசுஃப் நபி வெளியே வரவில்லை. திரும்பிப் போய், கைகளை அறுத்துக் கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று உன் எசமானனிடம் கேள் என்ற பொருள்படச் சொல்லி அனுப்புகிறார்கள். (12:50) அரசன் விசாரிக்கிறான். அஸீஸின் மனைவி உண்மையை ஒப்புக் கொள்கிறாள். (12:51) அதன் பிறகே அவர்கள் சிறையை விட்டு வெளியேறுகிறார்கள்.

விடுதலை மட்டும் போதாது, உண்மையும் வெளிவர வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. விடுதலையானவரின் உடற்காயம் ஆறிவிடும். அவர் மீது பூசப்பட்ட பழி விசாரணையின்றி நீங்காது.

பெயரைப் பார்க்காதீர், நீதியைப் பாருங்கள்

சகோதரர்களே! நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலி அஹ்மத். தாய்ப் பரிவு என்று எழுதியவர் ஹமீதுல்லா பேக். உண்மையை வெளிக் கொணர்ந்தவர் இஸ்மாயில். மூவருமே முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். தனி ஒருவராய் நின்று நீதியை எழுதிய கன்னாவோ முஸ்லிம் அல்லர். நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்று அல்லாஹ் ஏன் வலியுறுத்துகிறான் (4:135) என்பது இப்போது விளங்கும்.

நம்மவர் பலருக்கு உறவும் தொழிலும் உள்ள மலேசியாவிலும் இதுவே நடந்தது. 1998 செப்டம்பரில், துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வர் இப்ராஹீம் சீர்திருத்தம் கோரி மக்களைத் திரட்டியபோது கைது செய்யப்பட்டார். காவலில் இருந்த அவர் கறுத்து வீங்கிய கண்ணோடு நீதிமன்றத்துக்கு வந்ததை உலகமே படத்தில் பார்த்தது. அவரே தம்மைக் காயப்படுத்திக் கொண்டிருக்கலாம் என்றுகூடப் பேசப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் முன், அடித்தது நாட்டின் காவல்துறைத் தலைவரே என்பது வெளிப்பட்டது. அடித்தவரும் முஸ்லிம், அடிபட்டவரும் முஸ்லிம். 2022 நவம்பரில் அன்வர் அந்நாட்டின் பிரதமரானார்.

நம் இமாம்களின் வரலாறும் இதுவே. நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்ததற்காக இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூரின் சிறையில் வாடி, ஹிஜ்ரி 150இல் வஃபாத்தானார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் கைதிகளுக்காக வாதாடினார்கள். ஒருவர் மற்றொருவர் மீது குற்றம் சுமத்தியதை மட்டும் வைத்துச் சிறையில் அடைக்கக் கூடாது, கைதிகளைச் சங்கிலியுடன் பிச்சைக்கு அனுப்பக் கூடாது, அவர்களுக்கு உணவும் உடையும் அரசே தர வேண்டும் என்று ஆட்சியாளருக்கே எடுத்துரைத்தார்கள். ஆசிரியரின் சிறை, மாணவரின் பேனாவில் நீதியாகப் பேசியது!

இன்று நாம் அறிய வேண்டியவை

மிசா 1978இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உரிய 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. 1976ஆம் ஆண்டின் தீர்ப்பு தவறு என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றமே அறிவித்தது.

ஆனால் தடுப்புக் காவல் ஒழியவில்லை. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் உள்ளன. அன்று சிறையில் அடிபட்டவர்களின் கட்சிகள் ஆட்சிக்கு வந்த பிறகும் இவை நீடிக்கவே செய்தன. ஆகவே குடும்பத்தார் ஒவ்வொருவரும் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியம்.

கைது செய்யப்படும் எவருக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் தரப்பட வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். நடுவர் முன் நிற்கும்போது, அடிக்கப்பட்டிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுப்புக் காவலில் 24 மணி நேர விதி பொருந்தாது. ஆயினும் அங்கும் காரணங்களை எழுத்தில் பெறவும், அதை எதிர்த்து முறையிடவும் உரிமை உண்டு. அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் இன்றி மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. காவலில் உள்ளவர்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 1976இல் மூடப்பட்ட ஆட்கொணர்வு மனுவின் கதவு, இன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நமக்குத் திறந்தே இருக்கிறது.

நம் மீதுள்ள கடமை

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒருவர் பிடிக்கப்பட்டால் அவருடைய வீடு என்னவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். மறுநாளே தெரு ஒதுங்கிக் கொள்கிறது. கடைக்காரர் கடன் தர யோசிக்கிறார். பேசி முடித்த சம்பந்தம் தள்ளிப் போகிறது. நெருப்பில்லாமல் புகையுமா என்று திண்ணையில் தீர்ப்பு எழுதப்படுகிறது. சிறையில் இருப்பவர் ஒருவர். தண்டனை அனுபவிப்பது ஒரு குடும்பம்.

பெரியாறு பாசனத்தில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். பேரணையில் மதகை அடைத்தால் ஒருவர் வயல் மட்டும் காய்வதில்லை. பக்கத்து வயலுக்குத்தானே தண்ணீர் நின்றது என்று இருப்பவரின் நாற்றும் அடுத்த வாரம் வாடும். காரணம் கேட்கும் உரிமையும் அப்படிப்பட்டதே. பிடிக்கப்பட்டவர் நம் கட்சி இல்லை, நம் ஜமாஅத் இல்லை, நம் மதம் இல்லை என்று வாய்மூடி இருந்தால், நம் வீட்டுக் கதவு தட்டப்படும் நாளில் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே, செய்தி வந்தவுடன் தீர்ப்பளிக்காதீர்கள்; காரணம் என்னவென்று கேளுங்கள். குற்றம் உண்மையானால் நீதிமன்றம் தண்டிக்கட்டும். அதைத் தடுப்பது நம் வேலையல்ல. மஹல்லாவில் வழக்கறிஞர் ஒருவரின் தொடர்பை வைத்திருங்கள். பிடிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் பெண்கள் சென்று ஆறுதல் சொல்லுங்கள். அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பாருங்கள். கைதிக்கு உணவளிப்போரை அல்லாஹ் திருக்குர்ஆனில் (76:8) புகழ்ந்து பேசுகிறான். சிறைப்பட்டவரை விடுவிக்கவும், பசித்தவருக்கு உணவளிக்கவும், நோயாளியை நலம் விசாரிக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஒருங்கே கட்டளையிட்டுள்ளார்கள். (நூல்: புகாரி)

காவல்துறையிலும் சிறைத்துறையிலும் பணியாற்றும் சகோதரர்களே! உங்கள் கையிலிருக்கும் தடியும் ஓர் அமானிதம். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அதிகாரியாக அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் இறுதியாகச் சொன்ன எச்சரிக்கை, அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனையை அஞ்சிக் கொள் என்பதே. அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை கிடையாது. (நூல்கள்: புகாரி, முஸ்லிம்) சிறையின் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தப் பிரார்த்தனை அதைத் தாண்டிச் செல்லும்.

யா அல்லாஹ்! அநீதியாகச் சிறைப்பட்டிருப்போர் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவர்களுக்கு விடுதலையைத் தருவாயாக! காத்திருக்கும் அவர்களின் தாய்மார்களுக்கும் மனைவி மக்களுக்கும் பொறுமையைத் தருவாயாக! நீதிக்காகக் கேள்வி கேட்கும் நாவை எங்களுக்குத் தந்து, அநீதிக்குத் துணைபோகும் மௌனத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.